முயல் இனப்பெருக்கக் கூண்டு: கோழி வலை போதுமா?

புதுக்கூண்டு:
நாலு கிலோ எடையில் இரண்டு பெண் முயல், ஒரு ஆண். வீட்டிலேயே கூண்டு கட்டப் போகிறேன். மரச் சட்டம், சுற்றிலும் அடியிலும் கோழி வலை. மூன்றையும் ஒன்றாக விட்டு, மூலையில் 60 செ.மீ. நீளப் பெட்டியை ஆணி அடித்து நிறுத்திவிட்டால் அதிலேயே குட்டி போடும் அல்லவா?

கம்பிவெட்டி:
கோழி வலையை விடுங்கள். கடித்தே பிரித்துவிடும், மெல்லிய கம்பி பாதத்தையும் அறுக்கும். அடித்தளத்துக்கு 14 கேஜ் கனமுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை), கண் அளவு அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலம். அரை அங்குலத்துக்கு ஒன்றாக நெருங்கி ஓடும் கம்பிகள் மேல்பக்கம் வரவேண்டும். திருப்பிப் போட்டால் பாதத்துக்குப் பிடிமானம் குறைந்து புண் வரும். எப்படிப் போட்டாலும் உட்கார ஒரு சிறு பலகை வையுங்கள்.

ஒரு பெண்ணுக்கு 75 × 90 செ.மீ., உயரம் 45. பக்கங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு அங்குல வலை போதும், ஆனால் கீழே 10 செ.மீ. உயரம் வரை மறுபடி சின்னக் கண் வலைதான். பால் குடிக்கும் குட்டி காம்பைக் கவ்வியபடியே பெட்டிக்கு வெளியே வந்து விழும். பெரிய கண் என்றால் அப்படியே கீழே போய்விடும்.

மரச் சட்டம் வலைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் கடிக்கும், மூத்திரம் ஊறி நாறும். வெட்டிய கம்பி முனைகளை அரம் போட்டுத் தேயுங்கள். கதவு வெட்டும் முன் பெட்டியை அளந்துகொள்ளுங்கள், இதை மறப்பவர்கள்தான் அதிகம் :)

சினைக்கணக்கு:
மூன்றும் ஒன்றாகக் கூடாது. பெண்கள் சண்டை போடும். ஆண் கூடவே இருந்தால் ஈன்ற அன்றே மறுபடி சினையாகிவிடும். சேர்க்கைக்குப் பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். அவள் இடத்தில் ஆணை விட்டால் விரட்டிக் கடிப்பாள்.

சினைக் காலம் ஏறக்குறைய 31 நாள். பெட்டியை 28ஆம் நாள் வையுங்கள். ஆணி அடித்து நிரந்தரமாக வைத்தால் அதற்குள் அதைக் கழிப்பிடமாக்கிவிடும், ஈரத்திலும் அமோனியா நெடியிலும் குட்டி தாங்காது. 60 செ.மீ. பெரிது: குட்டிகள் சிதறிக் குளிரில் விறைக்கும். 45 × 30, உயரம் 30 போதும். வாசல் பக்கம் மட்டும் 15 செ.மீ. உயரம், அடியில் 6 மி.மீ. துளைகள் எட்டு பத்து. கீழே மரச்சீவல், அதன்மேல் காய்ந்த புல்லை நிறைய அடைத்துப் பின்பக்கம் கைமுட்டியால் ஒரு குழி. பொடி மரத்தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். மீதியைத் தாயே வயிற்று முடியைப் பிய்த்து முடித்துக்கொள்ளும். மூன்றாவது வாரக் கடைசியில் பெட்டியை எடுத்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

புதுக்கூண்டு:
நன்றி. பெட்டிக்கு பிளைவுட் ஆகுமா? தாய் உள்ளே உட்காராவிட்டால் என்ன செய்வது?

கம்பிவெட்டி:
ஆகும். விளிம்புகளுக்குத் தகரப் பட்டை அடியுங்கள், இல்லாவிட்டால் அரித்துத் தின்றுவிடும். முழு மூடி வேண்டாம், உள்ளே வியர்க்கும்.

சினைக்கணக்கு:
உட்காராது, அது இயல்பு. நாளுக்கு ஓரிரு முறை, சில நிமிடம் மட்டுமே பால் கொடுக்கும். காலையில் குட்டியைத் தூக்கிப் பாருங்கள்: வயிறு உருண்டு தோல் இழுத்து நின்றால் குடித்திருக்கிறது, தோல் சுருங்கித் தொங்கினால் தாயைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டுக் குடிக்கவையுங்கள். வலைமேல் விறைத்துக் கிடக்கும் குட்டியைச் செத்ததென்று எறியாதீர்கள். உள்ளங்கைச் சூட்டில் உடம்பு நெளியும்வரை வைத்திருந்து, பிறகு மற்றவற்றோடு விடுங்கள்.