கன்னபினாய்டு, சிபிடி: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தச் சொற்கள் எனக்கு உடனே தேவைப்படுகின்றன. கன்னபினாய்டு என்பது கஞ்சாச் செடியில் இருக்கும் ஒரு சேர்மக் குடும்பமும் அதை ஒத்த சேர்மங்களும். அந்தக் குடும்பத்தில் போதை தருவது டிஎச்சி, போதை தராதது சிபிடி. வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> கன்னபினாய்டு = கஞ்சாப்போலி. ஆல்கலாய்டைக் காரப்போலி என்கிறோமே, அதே முறைதான்.

முறை சரி. ஆனால் இந்தச் சொல் எந்தப் பக்கத்தில் போய் உட்காரப்போகிறது என்று பாருங்கள். ஜெருசலேமின் ஷாரே செடெக் மருத்துவமனையைச் சேர்ந்த ஆடி அரான் குழுவினர், ஆட்டிசம் உள்ள 5 முதல் 21 வயது வரையிலான 150 பேரிடம் கஞ்சாச் சேர்மங்கள் கொண்ட எண்ணெயைச் சோதித்த ஆய்வு 2021இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்குக் கொடுத்தது மருந்துப்போலி, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மருந்து சேராத எண்ணெய். அதே பத்தியில் 'கஞ்சாப்போலி' என்றும் வந்தால், கஞ்சா சேராத வெறும் எண்ணெய் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பொருள் தலைகீழாகிவிடும்.

> கஞ்சா என்றால் மக்கள் பயப்படுவார்கள். சணல் எண்ணெய் என்றே சொல்லலாமே?

இது மட்டும் வேண்டாம், தயவுசெய்து. ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினார். 'ஹெம்ப் ஆயில்' என்று இணையத்தில் வாங்கியது. மூன்று மாதமாக மகனுக்குக் கொடுத்து வருகிறாராம், இனியாவது ராத்திரி தூங்குவான் என்று. வாங்கிப் பார்த்தேன், அது கஞ்சாச் செடியின் விதையைப் பிழிந்து எடுத்த எண்ணெய். சிபிடி இருப்பது பூவிலும் பூவை ஒட்டிய சிற்றிலைகளிலும்தான். விதை எண்ணெயில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். இதை அவரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். நம் ஊரில் சணல் என்றால் சாக்குத் தைக்கும் சணல். சணப்பு என்றால் வயலில் மடக்கி உழும் பசுந்தாள் உரம். இரண்டுமே கஞ்சாச் செடி இல்லை.

சிவமூலி, கோரக்கர் மூலி என்ற பரிந்துரைகளுக்கும் இதுதான் என் பதில். சித்த மருத்துவ வழக்கில் அவை கஞ்சாவுக்கு உள்ள மதிப்புள்ள பெயர்கள். ஆனால் ஒரு அம்மா கேட்கப்போகும் முதல் கேள்வி, "இதுல கஞ்சா இருக்கா இல்லையா?" என்பதுதான். அதற்குப் பெயரிலேயே பதில் இருக்க வேண்டும். 1839இல் கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற மருத்துவர், வலிப்பு வந்த 40 நாள் குழந்தைக்குக் கூடக் கஞ்சாவைக் கொடுத்துப் பார்த்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'கஞ்சா' என்ற இந்தியச் சொல்லை வைத்தார். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

> டிஎச்சி = மயக்குச்சேர்மம், சிபிடி = மயக்காச்சேர்மம்.

அழகான இணைதான், இலக்கணமும் சுத்தம். அதுதான் எனக்குக் கவலை. மயக்கு, மயக்கா: ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். தொலைபேசியில் மருந்தின் பெயரைச் சொல்லும்போது காதில் மாறி விழுந்தால், போதை தரும் சேர்மம் வளரும் மூளைக்குப் போய்விடும். அப்புறம், 'மயக்கா' என்பது முழு உண்மையும் இல்லை. சிபிடி போதை தராது, ஆனால் தூக்கக் கலக்கம் வரும், பசி குறையும். வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடும் பிள்ளை என்றால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றனவா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெயரே பாதுகாப்புச் சான்றிதழ் மாதிரி ஆகிவிடக் கூடாது. சிபிடி, டிஎச்சி இரண்டையும் அப்படியே விட்டுவிடுவோம். பெற்றோர் இப்போதே அப்படித்தான் பேசுகிறார்கள், காதுக்கும் இரண்டும் வேறாகக் கேட்கின்றன.

சேர்மக் குடும்பத்துக்கு மட்டும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். என் பரிந்துரை கஞ்சினி. வேர் வெளியே தெரிகிறது, செடியும் சேர்மமும் ஒன்றல்ல என்பதும் தெரிகிறது. செடியில் இருப்பது தாவரக் கஞ்சினி, ஆய்வகத்தில் செய்வது செயற்கைக் கஞ்சினி, உடலே சுரப்பது அகக்கஞ்சினி. கடைசியதற்கு இங்கே வந்த 'உட்கஞ்சா' என்ற சொல்லைக் கையேட்டில் போட எனக்கு மனம் வரவில்லை. "என் பிள்ளை தலைக்குள்ள கஞ்சாவா?" என்று கேட்பார்கள். கஞ்சினி என்றால் கஞ்சத்தனம் நினைவுக்கு வரும் என்பவர்களுக்கு: வரலாம், புழக்கத்தில் தேய்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

1992இல் ஜெருசலேமில் வேதியியலர் மெக்கூலம் குழுவினர் கண்டுபிடித்த அகக்கஞ்சினிக்கு அவர்களே 'ஆனந்தம்' என்ற வடசொல்லிலிருந்துதான் பெயர் வைத்தார்கள். அதை 'இன்பமைடு' ஆக்கத் தேவையில்லை. ஆனந்தமைடு என்றே இருக்கட்டும்.

'கஞ்சா சிகிச்சை' என்று பொதுவாகச் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அரான் ஆய்வில் மருந்து இரண்டு வகை: செடியின் எல்லாச் சேர்மங்களும் இருந்த சாரம் ஒன்று, தூய சிபிடியும் டிஎச்சியும் மட்டும் கலந்தது இன்னொன்று. இரண்டிலும் சிபிடி 20 பங்குக்கு டிஎச்சி 1 பங்கு. கட்டுக்கடங்காத நடத்தையில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள், முதல் வகையில் 49 சதவீதம், மருந்துப்போலிப் பிரிவில் 21 சதவீதம். ஆனால் நடத்தை பற்றிப் பெற்றோர் நிரப்பிய முதன்மைக் கேள்வித்தாளின் மொத்த மதிப்பெண்ணில் வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற எபிடியோலெக்ஸ் என்ற மருந்து மூன்றாவது சங்கதி: தூய சிபிடி, அதுவும் அரிதான வலிப்பு நோய்களுக்கு, ஆட்டிசத்துக்கு அல்ல. மூன்றையும் ஒரே பெயரில் அழைத்தால் ஒன்றின் நம்பிக்கையை இன்னொன்றின் மேல் ஏற்றிவிடுவோம்.

தூய வகையைத் 'தூய கஞ்சினிக் கலவை' எனலாம். முதல் வகைக்கு 'முழுச்செடிச் சாறு' என்று எழுதியிருந்தேன். வேதியியல் பாடநூல்களில் 'சாறு இறக்குதல்' ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் சாறு என்று படித்துவிட்டு யாராவது வீட்டிலேயே இலையை அரைத்துப் பிழிந்துவிடுவார்களோ என்று பயம் வந்து, 'முழுச்செடிச் சாரம்' என்று மாற்றி வைத்திருக்கிறேன். இந்த ஒன்றில் எனக்கு இன்னும் தெளிவில்லை. மருந்தாக்கத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், சாறா, சாரமா?

அன்புடன்.