தக்கை, எதிரலை, பேச்சுத்துலக்கம்: இயர்போனுக்குச் சில சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

இயர்போன் தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். 'ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்' (ஒலியைக் கொண்டே ஒலியைக் குறைப்பது) என்பதற்குச் 'செயலூக்க இரைச்சல் நீக்கம்' என்றும், 'பாசிவ் ஐசொலேஷன்' (காதை அடைத்தே சத்தத்தைத் தடுப்பது) என்பதற்குச் 'செயலற்ற இரைச்சல் தடுப்பு' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதைப் பெட்டியின் மேல் அச்சடித்தால் எங்கள் ஊரில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். செயலற்றது என்றால் வேலை செய்யாதது. உண்மையில் சேலம் டவுன் பஸ்ஸில் போகிறவருக்கு அதிகம் வேலை செய்வதே அதுதான்.

'இயர்போன்' என்ற பெயரைப் பற்றி நாம் இவ்வளவு எழுத வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோருக்கும் புரிகிற சொல், அது பாட்டுக்கு இருக்கட்டும். காதுக்குள் செருகும் வகையைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் 'காதுச்செருகி' போதும். 'உட்செவிக்கருவி' என்ற பரிந்துரை மட்டும் வேண்டாம். பள்ளி அறிவியல் பாடத்தில் உட்செவி என்பது செவிப்பறைக்கும் நடுச்செவிக்கும் அப்பால் உள்ள பகுதி. இயர்போன் போய் உட்காரும் செவிக்குழல் புறச்செவியைச் சேர்ந்தது. தவறான உடற்கூற்றைச் சொல்லும் கலைச்சொல் மாணவர்களைத்தான் குழப்பும்.

சொல் இல்லாமல் மக்கள் பணத்தை இழக்கிற இடம் வேறு. புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் நின்று கேட்டுப் பாருங்கள். 'நாய்ஸ் கேன்சல் இருக்கா?' என்று கேட்டால் 'இருக்குங்க' என்றுதான் பதில் வரும். அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வசதிகள் ஒளிந்திருக்கின்றன. 2,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாய் வரை உள்ள நடுத்தர விலைப் பொருள்களில்தான் இந்தக் குழப்பம் அதிகம். மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால் வாங்குகிறவர் சரியான கேள்வியைக் கேட்பார்.

முதலில் காதை அடைப்பது. இயர்போன் முனையில் இருக்கும் சிலிக்கோன் உறையைக் கடையில் 'ரப்பர்' என்கிறார்கள். அதற்குத் 'தக்கை' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். புட்டியின் வாயை அடைக்கும் தக்கை எல்லோருக்கும் தெரியும், இதுவும் செவிக்குழலின் வாயை அடைக்கிறது. சிலிக்கோன் தக்கை, நுரைத் தக்கை, சிறிய தக்கை, பெரிய தக்கை என்று தடையில்லாமல் சொல்லிக்கொண்டே போகலாம். அதனால் வெளிச்சத்தம் குறைவதைத் 'தக்கையடைப்பு' என்போம். நண்பர் ஒருவர் 'காதடைப்பு' என்று எழுதியிருந்தார். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போனவர்களுக்குக் காதடைப்பு என்றால் என்னவென்று தெரியும். ஏறத்தாழ 280 மீட்டரிலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறும்போது காற்றழுத்தம் குறைவதால் வருவது அது. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடலாம். (மலை ஏறும்போதும் இறங்கும்போதும் இறுக்கமான தக்கையை அவ்வப்போது கழற்றிவிட்டு எச்சில் விழுங்குங்கள். செவிப்பறையின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகும்.) 'அடைப்புத் தணிப்பு' என்ற இன்னொரு பரிந்துரை மூக்கடைப்பு மருந்தின் பெயர் போல ஒலிக்கிறது. அடைப்பால் தணிகிறதா, அடைப்பே தணிகிறதா என்ற ஐயம் வரும் சொல் நமக்கு ஆகாது.

அடுத்தது, ஒலியைக் கொண்டே ஒலியைக் குறைப்பது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் பெயர் தானே வரும். இயர்போனில் உள்ள ஒலிவாங்கி (மைக்) வெளிச்சத்தத்தைப் பிடிக்கிறது. அதே அளவுள்ள, ஆனால் மேடும் பள்ளமும் தலைகீழான அலையை உள்ளே இருக்கும் சில்லு (சிப்) உண்டாக்குகிறது. இரண்டும் காதில் சேரும்போது ஒன்றின் மேட்டை மற்றொன்றின் பள்ளம் நிரப்பிவிடுகிறது. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கு 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத் தந்தைக்குப் பிறந்த அமர் போஸின் ஒலிக்கருவி நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆக, வேலை செய்வது அந்தத் தலைகீழ் அலை. அதற்கு 'எதிரலை' என்பதே பெயராக இருக்கட்டும். 'எதிரொலி'யை எடுக்க முடியாது, மலையில் கூப்பிட்டால் திரும்பி வருவதற்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. எதிரலை என்றால் மோதித் திரும்பும் அலை என்று பொருள்படாதா என்று கேட்கலாம். எதிர்மின்வாய், எதிர்த்துகள் என்று முரணான தன்மைக்கு 'எதிர்' சேர்க்கும் வழக்கம் இயற்பியல் தமிழில் வேரூன்றிவிட்டது, அதனால் சிக்கல் வராது. அதோடு 'நீக்கம்', 'ரத்து' எல்லாம் இல்லாமல் எதிரலை என்று மட்டும் நிறுத்துவதில் ஒரு நேர்மை இருக்கிறது. இந்தக் கருவி இரைச்சலை முழுதாக நீக்குவதில்லை. 'எதிரலை இருக்கா?' என்று கடையில் கேட்கவும் எளிது.

எதை எந்த அளவு குறைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால், நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும் என்பதால் வினாடிக்கு 75 முறை எரிபொருள் வெடிக்கிறது. அதுதான் பஸ்ஸின் 75 ஹெர்ட்ஸ் உறுமல். ஓர் அலைக்கு 13 மில்லிவினாடி ஆகிறது, எதிரலையைத் தயார் செய்யச் சில்லுக்குப் போதுமான நேரம். 3,000 ஹெர்ட்ஸ் கிரீச்சொலிக்கு ஓர் அலையின் நேரமே ஒரு மில்லிவினாடியில் மூன்றில் ஒரு பங்குதான். கணக்கு கொஞ்சம் பிந்தினாலும் மேடும் பள்ளமும் பொருந்தாது. ஆகவே எதிரலை உறுமலுக்கு நல்லது. ஹாரனுக்கும், தனியார் பஸ்ஸில் தலைக்கு மேலே ஸ்பீக்கரில் ஓடும் பாட்டுக்கும், பக்கத்து இருக்கைப் பேச்சுக்கும் தக்கையடைப்புதான் கைகொடுக்கும். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே இருப்பவர்களுக்கும் இதே பதில்தான். தறியின் படபடப்பு ஒரே சீரான உறுமல் கிடையாது.

எனவே தேர்வு வழித்தடத்தைப் பொறுத்தது. ஓமலூர், ஆத்தூர் என்று தினமும் டவுன் பஸ்ஸிலோ தனியார் பஸ்ஸிலோ போகிறவர் எதிரலைக்கென்று கூடுதலாக 2,000 ரூபாய் கொடுப்பதை விட, நல்ல கம்பி இயர்போனும் ஒரு ஜோடி நுரைத் தக்கையும் வாங்கலாம். நுரைத் தக்கையை விரலால் உருட்டி ஒடுக்கிச் செருகி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். வியர்வையில் சில மாதங்களில் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். பெங்களூருக்கோ சென்னைக்கோ அடிக்கடி ரயிலிலும் ஏசி பஸ்ஸிலும் போகிறவருக்கு எதிரலைக்குக் கொடுக்கும் பணம் தகும். அவருக்கும் தக்கை பொருந்தியிருந்தால்தான் எதிரலை முழுப் பலன் தரும். பொருத்தத்தைச் சோதிக்க ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனம் போடுங்கள். தொப்பிப் பக்கத்தின் (இடப்பக்கம்) கும்கி என்ற ஆழ்ந்த ஒலி கேட்காமல் வலந்தலை (வலப்பக்கம்) மட்டும் தெறித்தால் தக்கை சிறியது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதும் இல்லை.

மூன்றாவதுதான் ஏமாற்றம் தருவது. பெட்டியில் 'ஈஎன்சி' (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது நாம் பேசும்போது ஒலிவாங்கியில் சேரும் சத்தத்தை வடிகட்டி எதிர்முனையில் கேட்பவருக்குக் குரலைத் தெளிவாக்குவது. நம் காதுக்கு வரும் இரைச்சலில் அது கை வைப்பதே இல்லை. 'சுற்றுச்சூழல் இரைச்சல் நீக்கம்' என்று மொழிபெயர்த்தால் கடைக்காரர் செய்யும் அதே குழப்பத்தை நாமும் செய்கிறோம். யாருக்குப் பயன் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். 'பேச்சுத்துலக்கம்' என்கிறேன்.

வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதியைச் சில செயலிகள் 'வெளிப்படைத்தன்மை முறை' என்று காட்டுகின்றன. வெளிப்படைத்தன்மை அரசு நிர்வாகத்துக்கு உரிய சொல். இதற்கு 'வெளிக்கேட்பு' சரியாக இருக்கும். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் சாலையைக் கடக்கும்போது வெளிக்கேட்பைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது இயர்போனையே கழற்றிவிடுங்கள்.

நம் கலைச்சொல் பட்டியலில் 'செவிநலம்' என்ற தலைப்பும் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம்தான். பஸ் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஒலியளவைக் கூட்டுகிறவர் அந்த 4 மணி நேரத்தை இரண்டே நாளில் கடந்துவிடுவார். தக்கை நன்றாக உட்கார்ந்து வெளிச்சத்தம் 20 டெசிபெல் குறைந்தால், செவிக்குப் போகும் அதன் ஆற்றல் நூறில் ஒரு பங்காகிவிடும், ஒலியளவையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். சரியான சொல்லால் ஒரு மாணவரின் செவி காப்பாற்றப்படுமானால் இந்த இழை எவ்வளவு நீண்டாலும் தகும் என்று நினைக்கிறேன்.

மீதமிருப்பது 'டிரைவர்', அதாவது இயர்போனுக்குள் ஒலியை உண்டாக்கும் உறுப்பு. 'ஓட்டுநர்' என்று எழுதக் கூடாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். பெட்டியில் 10 மி.மீ. என்று குறிப்பது பொதுவாக அதிர்கிற தகட்டின் விட்டத்தை. அதனால் 'அதிர்தகடு' என்று எழுதலாமா? ஆனால் தகடு, காந்தம், சுருள் மூன்றும் சேர்ந்த முழு உறுப்புக்கு அது போதுமா என்று எனக்கு இன்னும் நிறைவு வரவில்லை. ஒலிபெருக்கி பழுது பார்க்கிறவர்கள் அந்த முழு உறுப்பைத் தமிழில் எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து