ஆடி மாசம், காலி கல்யாண மண்டபம், உள்ளயே டென்ட்: எங்க சாரணர் கேம்ப் கதை

போன வருஷம் எங்க ட்ரூப்புக்கு ஒரு ராத்திரி கேம்ப். வழக்கமா ஸ்கூல் கிரவுண்டுதான், ஆனா ரெண்டு வாரமா சாயங்காலம் ஆனாலே இடி மழை, கிரவுண்டு முழுக்க சேறு. என் வீட்டம்மாதான் சொன்னாங்க, ஆடி மாசம்தானே, மண்டபக்காரங்கல்லாம் ஈ ஓட்டிட்டு இருப்பாங்க, போய் கேளுங்கன்னு. மேற்கு மாம்பலத்துல ஒரு சின்ன மண்டபம். "சாரணர்னா எந்தக் கட்சி சார்?"னு மேனேஜர் கேட்டாரு. ஸ்கார்ஃப் போட்ட போட்டோவ காட்டினதும் பாதி வாடகைக்கே குடுத்துட்டாரு.

28 பசங்க, 9 கைட்ஸ் பொண்ணுங்க, பெரியவங்க ஆறு பேர். பொண்ணுங்களுக்கும் கேப்டன் மேடத்துக்கும் மணமகள் அறை, அதுல மட்டும்தான் ஏசி, பசங்க மூஞ்சிய பாக்கணுமே!

டென்ட் இல்லாம என்ன கேம்ப்புன்னு ஒரே புலம்பல். சரி உள்ளயே போடுவோம்னா மொசைக் தரையில எங்க முளை அடிக்கறது? தூணுக்குத் தூண் கயிறு இழுத்து க்ளோவ் ஹிட்ச்ங்கற முடிச்சு போட்டு, மேல பழைய வேட்டி, போர்வை எல்லாம் விரிச்சாச்சு, சைடு கயிற பிளாஸ்டிக் சேர்ல கட்டினா சேரே கயிறு பின்னாடி நடந்து வருது. ஏழாவது படிக்கிற ஒரு பேட்ரல் லீடர் (சின்ன குழுவுக்குத் தலைவன்) ஸ்டோர் ரூம்லேர்ந்து தண்ணி கேன் ஒண்ண உருட்டிட்டு வந்தான். 20 லிட்டர், 20 கிலோ, கயிற அதுல கட்டினா அசையவே இல்ல. எனக்குத் தோணல பாருங்க.

கேம்ப்ஃபயர் மணமேடை மேல. பல்பு மேல சிவப்பு செலோஃபேன், ஒரு டேபிள் ஃபேன மல்லாக்கப் போட்டு அதுல ஆரஞ்சு பேப்பர் ரிப்பன், லைட்ட அணைச்சா அசல் நெருப்பு மாதிரியே ஆடுச்சு. அங்கதான் கதை சொன்னேன், 1907ல சாரணர் இயக்கத்த ஆரம்பிச்ச பேடன் பவல் இங்கிலாந்துல ப்ரவுன்சி தீவுல முதல் கேம்ப் போட்டது, அப்புறம் இங்க வெள்ளக்கார ட்ரூப்ல நம்ம பசங்கள சேக்காத காலத்துல அன்னி பெசன்ட் அம்மா மெட்ராஸ்ல நமக்குன்னு தனியா ஆரம்பிச்சது. ஒருத்தன் கைய தூக்கி, "பெசன்ட் நகர் பீச்சு அவங்களோடதா சார்?"ங்கறான்.

பத்து மணி ரவுண்ட்ஸ்ல பாத்தா வாட்ச்மேன் பின்கதவப் பூட்டிட்டு சாவியோட மாடிக்குத் தூங்கப் போயிட்டாரு. இத்தன புள்ளைங்க உள்ள, ஏதாவது ஆச்சுன்னா ஒரே வாசலா? அவர எழுப்பி சாவிய வாங்கி கழுத்துல ஸ்கார்ஃபோட சேத்து முடிஞ்சுக்கிட்டேன். மண்டபம் எடுக்கறவங்க இத முதல்லயே கேட்டு வாங்கிருங்க.

மூணு மணிக்கு தொப்புனு ஒரு சத்தம். தாகம் எடுத்தவன்லாம் பக்கத்துல இருந்த கேனையே சாய்ச்சு சாய்ச்சு குடிச்சிருக்கான், கனம் கொறஞ்சு கேன் உருண்டு, ஒரு டென்ட் மொத்தமா சரிஞ்சு கிடக்கு, தரையெல்லாம் தண்ணி. அடியில இருந்த ஆறு பேர்ல ஒருத்தன் கூட முழிக்கல. வாட்ச்மேன்தான் "ஐயோ புள்ளைங்க"ன்னு கத்திட்டு ஓடி வந்தாரு.

—

ஹாஹா சூப்பர் சார். நாங்க கப்ஸ் பசங்கள, அதான் சாரணர்ல சின்னப் பசங்க பிரிவு, ஸ்கூல் லைப்ரரில தூங்க வச்சோம், அலமாரிக்கு நடுவுல பாய். பேயெல்லாம் வரல, பதினோரு மணிக்கு ஒரு குட்டிப் பையன் "அம்மா வாசனை வேணும்"னு அழ ஆரம்பிச்சிட்டான். ஃபோன் போட்டா அழுகை கூடும்னு எனக்கு அனுபவம். பைய துழாவினா அவங்கம்மா துப்பட்டா ஒண்ணு அடியில மடிச்சு வச்சிருந்தாங்க, அத போத்திவிட்டதும் அஞ்சு நிமிஷத்துல குறட்டை. அதுலேர்ந்து பேக்கிங் லிஸ்ட்ல வீட்டுத் துணி ஒண்ணுன்னு சேத்துட்டேன். ஆமா, கொசுவுக்கு என்ன சார் பண்ணீங்க? மாம்பலம் கொசுவாச்சே.

—

காயில் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம் மேடம், மூணு பேருக்கு வீசிங், இன்ஹேலர் என் சட்டப் பையிலயே இருந்துச்சு. எல்லாருக்கும் ஓடோமாஸ், ஃபேன் ஃபுல் ஸ்பீடு. இந்த ஆடிக்கும் அதே மண்டபம் சொல்லி வச்சாச்சு. மேனேஜர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு, மாப் போட ஆள் நீங்களே கூட்டிட்டு வரணும்னு.