மறு: மறு: பிசிடிக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

வணக்கம் நண்பர்களே,

மன்னார் வளைகுடாக் கரையோர இளைஞர்களுக்கான ஸ்கூபா பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிசிடியில் (BCD, buoyancy control device) வந்து நிற்கிறேன். முதுகில் சிலிண்டரைத் தாங்கிக்கொண்டு, உள்ளே காற்றுப் பையோடு இருக்கும் அந்தச் சட்டைதான். வரைவில் 'மிதவைச் சட்டை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

— நாகர்கோவில்

*

மிதவை வேண்டாம். வலையில் கட்டுகிற தக்கையும் மிதவைதானே? நம்மிடம் 'புணை' இருக்கிறது. 'நல்லாண்மை என்னும் புணை' என்கிறது குறள். 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்ற புறநானூற்று வரியை இங்கே எல்லோரும் அறிவீர்கள். பிணை, புணை, புணர் மூன்றும் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. கட்டைகளைப் பிணைத்தது புணை; இந்தக் கருவியும் உடம்போடு பிணைத்துக்கொள்வது. வார்கள் உள்ளதால் 'புணைக்கச்சை' பொருத்தமாக இருக்கும்.

— சிதம்பரம்

*

ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தண்ணீருக்குள் பையன்களுக்கு இதைப் பழக்குகிறவன். புணை ஆளை மிதக்க வைப்பது. பிசிடி அதற்கு மட்டும் இல்லை. மூழ்கவும் அதுதான், நடுநீரில் ஏறாமல் இறங்காமல் நிற்கவும் அதுதான்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரு மடங்கு. பையிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கிவிடும், நீருடையின் (வெட்சூட்) நுரையும் நசுங்கும், ஆள் கனத்துக் கீழே போவான். அப்போது இடத்தோளில் தொங்கும் குழாயின் பொத்தானைத் தொட்டுத் தொட்டுக் கொஞ்சம் காற்று ஏற்ற வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரியும். இறக்காமல் விட்டால் ஆளை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த நேரம் மூச்சைப் பிடித்திருந்தால் நுரையீரல் கிழியும். 'மிதவைச் சட்டை' என்று படிக்கிற பையன் படகில் கிடக்கிற உயிர்காப்புச் சட்டையைத்தான் நினைப்பான். மயங்கிய ஆளின் முகத்தை நீருக்கு மேலே வைக்கும் என்று பிசிடியை நம்பவே கூடாது.

இன்னொன்று. வரைவில் 'காற்றை விடு' என்று இருக்கிறது. உள்ளே விடுவதா, வெளியே விடுவதா? எங்கள் பையன்களிடம் 'அடி', 'இறக்கு' என்றுதான் சொல்வோம். சைக்கிள் டியூப் பழக்கம், குழப்பமே வராது. தலைப்புச் சொல் எதுவானாலும் இதை மட்டும் திருத்திவிடுங்கள்.

— தூத்துக்குடி

*

யாழ்ப்பாணத்தில் இயற்பியலில் 'மேலுதைப்பு' என்று படித்தோம். தண்ணீர் மேல்நோக்கி உதைக்கிறது, அந்தச் சொல்லிலேயே விசை தெரிகிறது. 'மேலுதைப்புச் சீராக்கி' என்றால் என்ன?

— யாழ்ப்பாணம்

*

நல்ல சொல், ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் 'மிதப்பு விசை'. தவிர, மூச்சு ரெகுலேட்டருக்கு 'சீராக்கி' என்று ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். ஒரே பக்கத்தில் இரண்டு சீராக்கி வந்தால் பயிற்சியாளரே தடுமாறுவார். 'மிதப்புச் சமனி' எப்படி?

— நாகர்கோவில்

*

'சமன்' வினையன்று. இகர விகுதி வினையோடு சேர்வதே முறை.

— சிதம்பரம்

*

'செயலி' எப்படி நின்றது ஐயா? ஆனால் எனக்குத் தடை வேறு. இறங்கும்போது மூக்கைப் பிடித்துக் காதில் காற்றைச் சமன் செய்வது முதல் பாடம். 'சமன்' என்றாலே பையன் கை மூக்குக்குத்தான் போகும்.

நேரமில்லை என்றால் 'மிதப்புச் சட்டை' என்றே போடுங்கள். மிதப்பு என்பது விசை, அளவு கூடும் குறையும். மிதவை போல ஒரு பொருளல்ல. உயிர்காப்புச் சட்டை இல்லை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். சட்டையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: முழுக்கக் காற்றடித்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சை நெரித்தால் அளவு சிறியது. காற்றில்லாதபோது தோளைவிட்டு எழும்பினால் பெரியது. சிலிண்டர் பட்டையை நனைத்த பிறகு இறுக்கச் சொல்லுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் தண்ணீரில் தளர்ந்து சிலிண்டர் நழுவும்.

— தூத்துக்குடி

*

'மிதப்பில் திரிகிறான்' என்றால் ஊரில் என்ன பொருள் என்று யாரும் யோசிக்கவில்லையா? கல்லைக் கட்டி இறங்கிய முத்துக்குளியாட்களின் கடற்கரையில் இதற்கு ஒரு சொல் இல்லாமலா போகும்? அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் முடிக்கக் கூடாது.

— சிதம்பரம்

*

கல் இறங்குவதற்கு, கயிறு ஏறுவதற்கு. நடுநீரில் நிற்க அவர்களிடம் கருவி இருக்கவில்லை ஐயா. இப்போது சங்கு குளிப்பவர்கள் கம்ப்ரசர் குழாயோடு இறங்குகிறார்கள், அவர்களிடமும் பிசிடி கிடையாது. கேட்டால் 'பிசிடி' என்றே சொல்வார்கள்.

— தூத்துக்குடி

*

நான்கு பேர் 'மிதப்புச் சட்டை'க்குக் கை தூக்கியிருக்கிறார்கள். முதல் முறை வரும் இடத்தில் 'பிசிடி எனப்படும் மிதப்புச் சட்டை', அப்புறம் மிதப்புச் சட்டை மட்டும். பொத்தான்களுக்கு அடி, இறக்கு. சிதம்பரம் ஐயாவின் மறுப்பைப் பின்னிணைப்பில் பதிகிறேன். அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

— நாகர்கோவில்

*

அனுப்பும் முன் ஒரு நிமிடம். நான்காம் அத்தியாயத்தில் காற்றுப் பை முதுகுப்பக்கம் மட்டுமே உள்ள 'விங்' வகை வருகிறது. அது சட்டையே இல்லையே?

— யாழ்ப்பாணம்