புதுப்பிப்பு: ஆடம்ஸா, கென்னாவா? இரண்டையும் எடுத்துப் பார்த்தேன்

நிலக்காட்சிப் புகைப்படம் எடுக்க, புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸ் வழியா, மைக்கேல் கென்னா வழியா என்று போன மாதம் குழம்பிக் கேட்டிருந்தேன் அல்லவா, இரண்டையும் ஒரே ஏரிக்கரையில் முயன்றுவிட்டேன்.

ஆடம்ஸும் நண்பர்களும் 1932இல் தொடங்கிய குழுவுக்குப் பெயரே எஃப்/64. லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எண் அது; எண் கூடினால் துளை சிறுக்கும், பக்கமும் தூரமும் சேர்ந்து தெளிவாக விழும். காலடிக் கல்லிலிருந்து தூரத்து மலை வரை எல்லாமே துல்லியமாக விழ வேண்டும். அதை நம்பி என் சின்ன சென்சார் கேமராவில் எஃப்/22 வைத்தேன், படமே மழுங்கிவிட்டது! துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி வளைந்து பரவும். எஃப்/64 பெரிய ஃபிலிம் கேமராவுக்குத்தான் சரி. எனக்கு எஃப்/11 போதும்.

கென்னா இரவில் மணிக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைப்பவர். சதுரச் சட்டம், அதில் பாதிக்கு மேல் வெறுமை. நான் சாயங்காலம் 10 ஸ்டாப் ஃபில்டர் (ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டி 4 நிமிடம் விட்டேன், அலையெல்லாம் பாலாகி, தண்ணீரில் சாய்ந்து நின்ற ஒரு கம்பம் மட்டும் மிஞ்சியது. அத்தனை நாள் போயும் அதை நான் கவனித்ததே இல்லை. (முக்காலி சேற்றில் இறங்கி முதல் மூன்று படம் வீணானது தனிக்கதை.)

இப்போதைக்கு கென்னா பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் எந்த நிழல் எவ்வளவு கறுக்க வேண்டும் என்று பட்டனை அழுத்தும் முன்பே தீர்மானிக்கும் ஆடம்ஸ் பழக்கத்தை விடுவதாக இல்லை.