சிதறல் நீளம்: எதிர்க்குறியில் வரலாமா?

கோவை:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். நியூட்ரான் சிதறல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மெதுவான நியூட்ரானின் அலைநீளம் ஏறக்குறைய 1.8 ஆங்ஸ்ட்ராம். அணுக்கருவோ அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய அலைக்கு அவ்வளவு சிறிய கருவின் வடிவம் தெரியாது. எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் கோள அலையாகத்தான் வெளியேறும். ஆகவே கருவைப் பற்றிச் சொல்ல ஒற்றை எண் போதும் என்று 1936இல் இயற்பியலாளர் ஃபெர்மி காட்டினார். அந்த எண்ணுக்குச் 'சிதறல் நீளம்' என்று எழுதிவிட்டேன். நேற்று வகுப்பில் ஹைட்ரஜனுக்கு −3.74 ஃபெம்டோமீட்டர், டியூட்டீரியத்துக்கு +6.67 என்று பலகையில் போட்டதும் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, "மைனஸ் மூன்று முழம் பூ என்று கேட்டால் பூக்காரம்மா கொடுப்பாரா, சார்?" என்றாள். வகுப்பே சிரித்தது. வேறு சொல் தாருங்கள்.

தஞ்சை:
நீளம் இருக்கட்டும், 'சிதறல்' என்பதே தவறு. பிள்ளையார் கோயில் வாசலில் சிதறுதேங்காய் போடுகிறோம். சிதறுவது தேங்காய். இங்கே கரு உடைகிறதா, நியூட்ரான் உடைகிறதா? சிதை, சிதறு, சிதர் எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. பொருநராற்றுப்படையின் 'துன்னற் சிதாஅர்' என்ன? கந்தை! வேரிலேயே கிழிசல். 'தெறிப்பு' என்க. நியூட்ரானையும் 'நொதுமி' ஆக்குக. குறுந்தொகைத் தலைவி 'நொதுமற் கழறும் இவ் அழுங்கல் ஊரே' என்று நொந்தாளே, அந்த நொதுமல்: ஒட்டாத அயன்மை.

யாழ்ப்பாணம்:
தெறிப்பு வேண்டாம் ஐயா. நீங்கள் எதிரொளிப்பு என்பதை எங்கள் பிள்ளைகள் தெறிப்பு என்றுதான் படிக்கிறார்கள். கண்ணாடியில் நியூட்ரான் முகம் பார்ப்பதாக நினைத்துவிடுவார்கள்.

கல்பாக்கம்:
நொதுமல் பாதிதான் பொருந்தும். மின்சுமை இல்லாததால் எலெக்ட்ரான் முகிலை ஏறெடுத்தும் பாராமல் கடந்துவிடுகிறது, சரி. ஆனால் கருவிடம் வந்ததும் நன்றாகவே உறவாடுகிறது. (காந்தப் பொருள் என்றால் எலெக்ட்ரானிடமும் இரண்டு வார்த்தை பேசும், அது வேறு பாடம்.) சிதறலுக்கு என்ன குறை? கூட்டம் சிதறியது என்றால் ஆள் உடைந்தான் என்றா பொருள்? கனடாவில் இயற்பியலாளர் புரோக்ஹவுஸும் நம் பி.கே. ஐயங்காரும் ஜெர்மானியம் என்னும் தனிமத்தின் படிகத்தில் ஆராய்ந்தது இந்தச் சிதறலைத்தான். 'நீளம்' உறுத்தினால் 'சிதறல் வீச்சு' என்று போட்டுவிடுங்கள்.

பெங்களூர்:
கூடாது. வீச்சு ஏற்கெனவே வேறொன்றின் பெயர்: சிதறி வெளியேறும் அலையின் அளவு. அதுவும் குறி மாறி வரும். ஹைட்ரஜனுக்கு நீளம் −3.74 என்றால் வீச்சு +3.74. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் விடைத்தாள் திருத்துபவர் கதி என்ன?

ஒரு படம் போட்டுப் பாருங்கள். ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும்போது, நியூட்ரான் அலையைச் சொல்லும் அலைச்சார்பை ஆரத்தால் (கருவின் மையத்திலிருந்து உள்ள தூரத்தால்) பெருக்கி வரைந்தால் கருவுக்குச் சற்று வெளியே அது நேர்கோடு. அந்தக் கோட்டை அளவுகோல் வைத்துப் பின்னோக்கி நீட்டுங்கள். அது அச்சை வெட்டும் இடம் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியோ, அதுவே நம் எண். அச்சை மையத்துக்கு வலப்பக்கம் வெட்டினால் நேர்க்குறி, இடப்பக்கம் வெட்டினால் எதிர்க்குறி. ஹைட்ரஜனின் கரு ஒற்றைப் புரோட்டான். நியூட்ரானும் புரோட்டானும் ஒரே பக்கம் தற்சுழன்றால் +5.4, எதிரெதிராகச் சுழன்றால் −23.7. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சராசரி எடுத்தால் ஏறக்குறைய −1.87. புரோட்டான் பொருளுக்குள் கட்டுண்டு கிடந்தால் அது இரட்டிக்கும். கோவையாரின் −3.74 வந்துவிட்டதா? ஆகவே 'சிதறல் வெட்டுத்துண்டு'. பள்ளிக் கணக்கிலேயே பழகிய சொல். மைனஸ் வந்தால் யாரும் திடுக்கிட மாட்டார்கள்.

யாழ்ப்பாணம்:
அதன் வர்க்கத்தை 4π ஆல் பெருக்கினால், சிதறும் வாய்ப்பைப் பரப்பாகச் சொல்லும் குறுக்குவெட்டு! வெட்டுத்துண்டு, குறுக்குவெட்டு... இது இயற்பியல் வகுப்பா, மீன்கடையா?

தஞ்சை:
தொகையை விரிக்கத் தெரியாததால் வந்த வினை இது. 'சிதறலது நீளம்' என்று ஆறாம் வேற்றுமையாக விரித்தால் முழக்கோலைத் தேடத்தான் தோன்றும். 'சிதறலை அளக்கும் நீளம்' என விரியுங்கள்: இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நீளம் நிற்கலாம். சிதறல் மீதான என் மறுப்பு அப்படியே இருக்கிறது.

கல்பாக்கம்:
இலக்கணம் சரி. மைனஸ் இன்னும் போகவில்லையே?

கோவை:
அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். யாழ்ப்பாணமும் கல்பாக்கமும் 'சிதறல் நீளம்' போதும் என்று தனிமடலில் எழுதிவிட்டதால் அதுவே போகிறது. பெங்களூராரின் படம் பக்க ஓரத்தில் வரும். இன்று அதே படத்தைப் பலகையில் போட்டேன். அந்தப் பெண் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் இது நீளம் இல்லை சார், இடம்" என்றாள். பதில் சொல்ல வரவில்லை.

தஞ்சை:
'தெறியிடம்'. வினைத்தொகை. அச்சு ஏறிவிட்டதா?