பழைய பீரங்கிக் கப்பல்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். இங்கிலாந்தில் சாத்தம் என்ற ஊரின் பழைய கடற்படைத் தளம் இப்போது அருங்காட்சியகம். வருபவர்கள் பெரும்பாலும் ‘ஓசலட்’ நீர்மூழ்கிக்குள் நுழையத்தான் வரிசையில் நிற்கிறார்கள். அங்கேயே உலர்துறையில் மூன்று பாய்மரங்களோடு நிற்கிறது ‘கேனட்’. நான் போன அன்று அதில் கூட்டமே இல்லை, ஆற அமரப் பார்த்தேன்.

1878இல் ஷியர்னஸில் நீரில் இறக்கியது. நீளம் 170 அடி. கடற்படை இதை ‘ஸ்லூப்’ (சிறு போர்க்கப்பல்) என்று பதிந்திருந்தாலும் செய்தது பீரங்கிப் படகின் வேலைதான்: பெரிய போர்க்கப்பலை அனுப்ப வேண்டாத தொலைவுக் கரைகளில் பிரிட்டிஷ் கொடியைக் காட்டுவது. முதல் சில ஆண்டுகள் பசிபிக்கில் ஓடியது. சிலியும் பெருவும் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. நீராவி இன்ஜின் இருந்தும் பாய்களை விடவில்லை. அவ்வளவு தூரத்துக்கு நிலக்கரிக்கு எங்கே போவது?

எனக்குப் பிடித்தது உடற்பகுதி. சட்டகம் இரும்பு, அதன்மேல் தேக்குப் பலகை, அதற்கும் மேல் செம்புத் தகடு. வெப்பக் கடலில் அடியில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டு வேகத்தைக் கெடுக்கும். செம்பு இருந்தால் ஒட்டாது. ஆனால் செம்பு நேராக இரும்பைத் தொட்டால் உப்புநீரில் இரும்பு அரித்துவிடும். அதனால்தான் நடுவில் மரம்.

பெரிய சண்டை என்று பார்த்தால் ஒன்றுதான். 1888இல் செங்கடல் துறைமுகமான சுவாக்கினை, சூடானில் எகிப்திய ஆட்சியை எதிர்த்தெழுந்த மஹ்தி இயக்கத்தின் தளபதி உஸ்மான் திக்னா முற்றுகையிட்டபோது, ஏறக்குறைய ஒரு மாதம் கரையை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தது. 1895இல் கடற்பணி முடிந்தது. அப்புறம் லண்டனில் பயிற்சிக் கப்பலாக ‘பிரசிடென்ட்’ என்று பெயர் மாறியது. கடைசியாக ஹாம்பிள் ஆற்றில் ‘மெர்க்குரி’ பயிற்சிப் பள்ளிப் பையன்கள் தூங்கும் இடமாக 1968 வரை கிடந்தது. போர்க்கப்பலாக இருந்ததைவிட விடுதியாக இருந்த காலம்தான் அதிகம்! அந்தப் பள்ளியை நடத்தியவர் சி.பி. ஃப்ரை. ஆமாம், சசெக்ஸில் நம் ரஞ்சித்சிங்ஜியோடு சேர்ந்து ஆடிய அதே கிரிக்கெட் வீரர்.

*

மஹ்தி என்றதும் எழுதத் தோன்றியது. வேலைக்காகக் கார்த்தூமில் இருந்தபோது நீல நைல் கரையில் ‘மெலிக்’ என்ற பீரங்கிப் படகைப் பார்த்தேன். தண்ணீரில் இல்லை, தரையில் உட்கார்ந்திருந்தது. 1980களின் வெள்ளம் தூக்கிக் கரையில் போட்டதாம். 1896இல் சிஸ்விக்கில் தார்னிகிராஃப்ட் கட்டியது. துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலிலும் பாலைவன ரயிலிலும் ஏற்றி, நைல் அருவிகளுக்கு மேலே கொண்டுபோய்ப் பூட்டியிருக்கிறார்கள். மிதக்கச் சுமார் இரண்டடித் தண்ணீர் போதும்.

1898 செப்டம்பர் 2, பிரிட்டிஷ்-எகிப்தியப் படையும் மஹ்தி படையும் மோதிய ஓம்துர்மான் போர். கெரெரி குன்றுகளிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்பு ஒட்டகப் படையை மஹ்தி வீரர்கள் நெருங்கிவிட்டார்கள். ஆற்றோரமாக வந்து சுட்டு அவர்களைத் தடுத்தது இந்தப் படகுதான். 1926 முதல் பாய்மரப் படகு கிளப்பின் அலுவலகமாக இருந்தது. நான் போனபோது துரு பிடித்த தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. காவலாளி டீ கொடுத்துவிட்டு, “எங்கே வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள்” என்று சைகை காட்டினார். சாத்தத்தில் இப்படி விடமாட்டார்கள்தானே?

*

விடமாட்டார்கள் அண்ணா, கைப்பிடிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கால் வைத்தாலே ஆள் வந்துவிடும்! ஆனால் ஓம்துர்மானைச் சண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு காலையில் மஹ்தி தரப்பில் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். எதிர்ப்பக்கம் ஐம்பதுகூட இல்லை. சாத்தத்தில் சுவாக்கின் பற்றி நான் படித்த பலகையிலும் கப்பலில் இருந்தவர்களின் கதைதான். குண்டு விழுந்த கரையில் இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. சூடான் அருங்காட்சியகங்களில் அவர்கள் பக்கத்துக் கதையைப் படித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.